எங்கள் பாஸ்வேர்டு எல்லாம் அவரிடம் இருந்தது

அவர் வருவது கேட்காது. கணினி அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்பது கல்லூரியின் சட்டம். வாசலில் எங்கள் செருப்புகளோடு அவருடைய செருப்பும் கிடக்கும். உள்ளே ஏ.சி.யின் இரைச்சலில், நாற்காலி வரிசைக்குப் பின்னால், வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பார். நாம் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும்போது கழுத்துக்குப் பின்னாலிருந்து பவுடர் வாசனை வரும். கணினி அறைக்குப் பொறுப்பான மேடம் நிற்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்பது தெரியாது.

அது இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய காலம். மதுரைக்கு வெளியே ஒரு பெண்கள் கல்லூரியில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். திருமங்கலத்துக்குத் தெற்கே, பருத்தியும் சோளமும் விளைகிற கரிசல் ஊர் எனக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தலை கொஞ்சம் நிமிரும், நிமிரட்டும். கல்லூரியில் சேர்ந்தபோது கணினியைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். முதல் நாள் மவுசை மேசையிலிருந்து தூக்கி, டி.வி. ரிமோட்டைப் போலத் திரைக்கு நேராக நீட்டினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. என் கையின் மேல் தன் கையை வைத்து மேசைக்கு இறக்கி, மெதுவாக நகர்த்தினார். திரையில் அம்பு நகர்ந்தது. "அம்புட்டுத்தான். பயப்படாத, கடிக்காது" என்றார்.

நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொல்லப்போவதைப் படித்துவிட்டு யாரும் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

கல்லூரிக்கு இணைய இணைப்பு வந்ததே அவரால்தான். நிர்வாகத்தில் இருந்த பெரியவர்கள், பெண் பிள்ளைகளுக்கு அது எதற்கு, கண்ட படமும் வரும் என்றார்களாம். அவர்கள் முன்னால் நின்று "பொறுப்பு நான்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லைக் கொடுத்துத்தான் இணைப்பை வாங்கினார். கணினி அறையில் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் தொலைபேசிக் கம்பி வந்து சேர்ந்தது. சனிக்கிழமை மதியங்களில் விடுதிப் பெண்கள் அதற்கு முன் வரிசையில் நிற்போம். மோடம் கீச்சிட்டு, கனைத்து, ஓய்ந்து, உலகம் திறந்துகொள்ளும்.

அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "இது ஒரு வாசல். வாசல்ல யாராச்சும் உக்காந்திருக்கணும்."

எங்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்தவர் அவரே. ஒவ்வொருத்தியாக அருகில் உட்கார வைத்து, பெயரைக் கேட்டு, அவரே தட்டினார். பாஸ்வேர்டு கேட்கிற இடம் வந்ததும் "உங்க அப்பா பேரு என்னம்மா?" என்றார். சொன்னோம். அதையே போட்டார். அப்பா பெயர் என்றால் மறக்காதல்லவா என்றார். எங்களுக்கு அது சரியாகவே பட்டது. பாஸ்வேர்டு என்பது பிறருக்குத் தெரியக் கூடாத ஒன்று என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? எங்கள் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் தன்னுடையதைத் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்திச் சொல்லி, "எனக்கு எதுவும் வந்திருக்கான்னு பாத்துச் சொல்லும்மா" என்று மேடத்தைக் கேட்பார். வந்த மடலை மேடம் தாளில் அச்செடுத்துக் கொடுப்பார். அதன் பின்பக்கத்தில் பேராசிரியர் இடம், நாள் எல்லாம் போட்டுப் பதில் எழுதித் தருவார். அதை மேடம் தட்டி அனுப்புவார். அந்தப் பேராசிரியர் ஓய்வுபெறும் வரை விசைப்பலகையைத் தொட்டதில்லை. "தொட்டா சும்மா இருக்குமா, எதையாவது கேட்கும்" என்பார்.

அப்படி அந்தக் கல்லூரியின் மடல்கள் எல்லாம் ஒரே கை வழியாகப் போயின, வந்தன.

முதலில் அவருக்கு ஏதோ ஞானதிருஷ்டி இருப்பதாகத்தான் நினைத்தோம். இயற்பியல் படித்த ஒருத்தியை வராந்தாவில் நிறுத்தி, அவள் அண்ணன் துபாய்க்குப் போக ஏஜெண்ட்டை நம்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இன்னொருத்தியிடம், அம்மாவுக்குக் கர்ப்பப்பைக் கட்டி என்றால் இந்த மருத்துவரிடம் போ, கூட்டம் இருக்காது என்றிருக்கிறார். இரண்டும் நல்ல யோசனைகள். இரண்டு பேரும் அந்தச் செய்தியைக் கல்லூரியில் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. விடுதியில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பேசும்போதுதான் ஒன்றோடு ஒன்று பொருந்தியது. அன்றைக்கு யாரும் மோர் வாங்கிக்கொள்ளக்கூட எழுந்திருக்கவில்லை.

ஒருத்தி துணிந்து அவரிடம் கேட்டாள், எங்கள் மடல்களைப் படிக்கிறீர்களா என்று. மேடம் மறைக்கவில்லை. வியப்பாகப் பார்த்தார்.

"படிக்காம? நான் விடுதியில படிச்சப்போ எனக்கு வந்த கடுதாசி ஒண்ணுகூட ஒட்டினபடி கைக்கு வந்ததில்ல. வார்டன் உடைச்சுப் படிச்சுட்டுத்தான் தருவாங்க. நான் கெட்டா போயிட்டேன்?"

கெட்டுப்போகவில்லைதான். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, சௌராஷ்டிர வீட்டிலிருந்து அந்தக் காலத்திலேயே மேல்படிப்புப் படித்து வேலைக்கு வந்தவர். மணமாகவில்லை. தினமும் மதியம் கணினி அறை போனிலிருந்து தன் அம்மாவிடம் தங்கள் வீட்டு மொழியில் பேசுவார். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. எங்கள் எதிரிலேயே சிரிப்பார், கோபிப்பார், ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மட்டும் பூட்டிக்கொள்ள ஒரு மொழி இருந்தது. எனக்கு அது பொறாமையாக இருந்தது.

என் அறைத்தோழி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். பாஸ்வேர்டை மாற்றலாம் என்பதை எங்கோ படித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மாற்றினாள். அடுத்த சனிக்கிழமை வரிசையில் எங்கள் எல்லோர் முன்னாலும் மேடம் அவளைப் பார்த்துச் சிரித்தார். "பூட்டு மாத்திட்ட போல" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவளுடைய அப்பாவும் தாய்மாமனும் வந்து பெட்டியைக் கட்டச் சொன்னார்கள். மகள் எதையோ மறைக்கிறாள் என்று போன் வந்ததாம். தாய்மாமன் அறை வாசலிலேயே நின்றுகொண்டார். அவள் துணிகளை மடித்தபடியே, உதடு அசையாமல் என்னிடம் சொன்னாள்:

"அதுல ஒண்ணுமே இல்லடி. மாத்த வருதான்னுதான் மாத்திப் பாத்தேன்."

அவள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு எங்களில் யாரும் பாஸ்வேர்டை மாற்றவில்லை. சனிக்கிழமைதோறும் எங்கள் அப்பாக்களின் பெயரைத் தட்டி உள்ளே போனோம். வீட்டில் அப்பா பெயரை நான் வாயால் சொல்ல மாட்டேன். அங்கே வாரம் தவறாமல் விரலால் சொன்னேன்.

இந்த நிலையில்தான் ஐதராபாத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். கணிதத்தில் ஆய்வு செய்ய உதவித்தொகையோடு இடம். தபாலில் அனுப்பிய விண்ணப்பத்தில் மின்னஞ்சலுக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுத என்னிடம் ஒன்று இருக்கிறதே என்ற பெருமையில் எழுதிவிட்டேன். கடிதம் எழுதக்கூடத் தெரியாத வீட்டிலிருந்து வந்தவள், மின்னஞ்சல் முகவரி எழுதினேன். அந்தப் பெருமை, தபால்பெட்டியில் உறை விழும் சத்தம் கேட்கும் வரைக்கும் இருந்தது. பதில் எந்த வாசலுக்கு வரும், அந்த வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் சொல்லவில்லை. படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று அத்தை வீட்டோடு பேசி வைத்திருந்தார்கள். ஐதராபாத் என்ற சொல் முன்கூட்டியே வீட்டுக்குள் போனால் இந்தப் படிப்பையே முடிக்க விட மாட்டார்கள். இடம் கிடைத்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு பேசலாம் என்பது என் கணக்கு.

படிக்காத மடல் தடித்த எழுத்தில் நிற்கும். ஒருமுறை திறந்துவிட்டால் மெலிந்துவிடும். அந்தச் சனிக்கிழமை ஐதராபாத்திலிருந்து வந்த மடல் என் பெட்டியில் முதலாவதாக இருந்தது. மெலிந்த எழுத்தில் இருந்தது.

திறந்தேன். நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில் கழுத்து சில்லிட்டது. திரும்பிப் பார்த்தேன். மேடம் அறையின் மறு கோடியில் ஒரு கணினிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, வழக்கம்போல, லேசாகத் தலையசைத்தார்.

அந்த வாரம் முழுக்க எதுவும் நடக்கவில்லை. நடக்காததுதான் தாங்க முடியவில்லை. விடுதி போன் அடிக்கும்போதெல்லாம் படிக்கட்டில் நின்றுவிடுவேன். வாசலில் வேட்டி கட்டிய யார் வந்து நின்றாலும் என் அப்பா போலவே தெரிந்தது. மேடமோ முன்பைவிடப் பிரியமாக இருந்தார். வகுப்பு முடிந்து போனவளை அழைத்து, தன் டப்பாவிலிருந்து புளிச்சோறு எடுத்து வைத்தார். நன்றாகத் தூங்குகிறாயா, கண்ணெல்லாம் கறுத்திருக்கிறதே என்று கேட்டார். நான் சாப்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை, நேர்முகத்துக்கு வருகிறேன் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். ஏன் என்று தெரியாது, அனுப்பிய மடல்கள் இருக்கும் பக்கத்தை முதலில் திறந்தேன். நான் அதுவரை அனுப்பியவை தோழிகளுக்கான பொங்கல் வாழ்த்துகள் மட்டும்தான். அவற்றுக்கு மேலே புதிதாக ஒன்று இருந்தது. ஐதராபாத்துக்கு. அழைப்புக்கு நன்றி, குடும்பச் சூழ்நிலை காரணமாக நேர்முகத்துக்கு வர இயலவில்லை, வருந்துகிறேன். பிழையே இல்லாத, பணிவான ஆங்கிலம். எனக்கு அப்படி எழுத வராது. கீழே என் பெயர் இருந்தது.

பேய் பிடித்தவர்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாயிலிருந்து வேறு யாரோ பேசுவார்கள். தெளிந்த பிறகு, நான் பேசவில்லை என்று அவர்கள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தத் திரைக்கு முன்னால் எனக்கு அந்த முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

திங்கட்கிழமை கல்லூரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஐதராபாத்துக்குப் பேசினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன், அந்த மடலை நான் எழுதவில்லை, நான் வருகிறேன். அந்தப் பக்கம் பேசிய அலுவலகக்காரர் கோபப்படவில்லை. உங்கள் முகவரியிலிருந்துதான் வந்திருக்கிறது, அதே முகவரியிலிருந்து எழுதினால்தான் நாங்கள் எடுத்துக்கொள்ள முடியும், போனில் பேசுகிறவர் யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். நியாயம்தான். நான்தான் நான் என்று எனக்கே அந்த நேரத்தில் நிரூபிக்கத் தெரியவில்லை.

மதுரை டவுனுக்குள் பிரவுசிங் சென்டர்கள் வந்துவிட்டிருந்தன. ஆனால் விடுதியிலிருந்து டவுனுக்குப் போக வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். நேர்முகத்துக்கு அதிக நாள் இல்லை. அதோடு, எங்கே போய் ஒளிந்து அனுப்பினாலும் அனுப்பியது அந்தப் பக்கத்தில் நிற்கும், அவர் படிப்பார். எப்படியும் படிக்கப்போகிறவர் எதிரிலேயே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் மதியம் கணினி அறையில் வேறு யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மடல் அனுப்ப வேண்டும் மேடம் என்றேன். சனிக்கிழமை இல்லையே என்று அவர் சொல்லவில்லை. மோடத்தைப் போட்டுவிட்டார்.

முன்பு வந்த மடலை நான் எழுதவில்லை என்று தட்டத் தொடங்கினேன். அடுத்த வரியில் பவுடர் வாசனை வந்தது. நிறுத்தவில்லை. விரல்கள் தவறான எழுத்துகளில் விழுந்தன. அழித்து, மறுபடி தட்டினேன்.

"நீ எழுதலைன்னா வேற யாரு எழுதுனதுன்னு கேப்பாங்க" என்றார் பின்னாலிருந்து. குரல் மிக மெதுவாக இருந்தது. "என்ன சொல்லுவ?"

நான் அடுத்த வரியைத் தட்டினேன்.

"உங்க அப்பா என் கையப் புடிச்சு, இவள ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. அம்புட்டுத் தூரத்துல உனக்கு ஒண்ணுன்னா நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?"

"என் பேரப் போட்டு எழுதிருக்கீங்க மேடம்."

"உன் பேரக் கெடுக்கவா எழுதுனேன்? காப்பாத்தத்தான் எழுதுனேன்."

அதை அவர் முழுமையாக நம்பினார். இன்றைக்கும் எனக்குப் பயம் தருவது அதுதான். ஏமாற்றுகிறவர் என்றால் எங்காவது ஓரிடத்தில் கூசுவார். அவர் குரலில் கூச்சமே இல்லை.

அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். இணைப்பு மெதுவானது, பக்கம் வெள்ளையாகி அப்படியே நின்றது. மேடம் என்னைத் தாண்டி வந்து சுவரோரம், மின்சார சுவிட்ச் பக்கத்தில் நின்றார். கை சுவிட்சின் மேல் இருந்தது. ஒரு தட்டு போதும். அவர் திரையைப் பார்த்தார், நான் அவர் கையைப் பார்த்தேன். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கம் நிரம்பியது. மடல் போய்விட்டது என்ற வரி வந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்பாவுக்குப் போன் போடுறேன்" என்றார். மறைக்காமல் சொன்னார்.

அப்பா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேடம் மரியாதையாக, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். மகள் சொல்லாமல் ஐதராபாத்துக்குப் போகப் பார்த்ததையும், தானே மகள் பெயரில் எழுதி அதை நிறுத்தப் பார்த்ததையும். அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டார். சரிங்கம்மா, சரிங்கம்மா என்றார். என் பெட்டியைக் கட்டும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் அப்பா கேட்டார்.

"எதுக்கு மறைச்ச?"

"சொன்னா விட மாட்டீகன்னு."

"விட மாட்டேந்தான்" என்றார். சுருட்டிய துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் கைநாட்டு. என் பேருல எங்கண்ணன் எழுதிக்கிட்டான், கெணத்துல பங்கு போச்சு. என்ன எழுதிருக்குன்னு வாசிக்கக்கூடத் தெரியல எனக்கு. உன்னயப் படிக்க வச்சது அதுக்குத்தான். படிச்ச பிள்ள பேருலயும் ஒரு ஆளு எழுதும்னா அப்பறம் என்ன இருக்கு?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் போகவில்லை.

"வாரேன், கூட்டிட்டுப் போறேன். போறதோ வேண்டாங்கிறதோ, நீயே அவுககிட்டச் சொல்லு. ஆனா ஒண்ணு தாயி. அங்க போயி ஒரு கெட்ட பேரு வந்துச்சுன்னா, அந்தம்மா சொன்னதுதான் சரின்னு ஊரே சொல்லும். நானும் சொல்லுவேன்."

ஐதராபாத்திலிருந்து வரச்சொல்லி வந்த மடலை நான் பார்க்கும் முன்பே, தாழ்வாரத்தில் எதிரே வந்த மேடம் "வரச் சொல்லிட்டாங்க" என்றார். அப்பாவோடு போய் நேர்முகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இடம் கிடைத்ததையும் அவர் வாயிலிருந்துதான் கேட்டேன். "பெருமையா இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. என் வாழ்க்கையின் ஆகப் பெரிய செய்தி எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது.

தேர்வுகள் முடிந்து விடுதியைக் காலி செய்யும் அன்று சொல்லிக்கொள்ளப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மவுசின் மேல் என் கையை இறக்கி வைத்த கை அது. மேடம் இணையக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து, எனக்கு அந்த நாற்காலியைக் காட்டினார்.

"மாத்திட்டுப் போ. இனிமே எனக்கு எதுக்கு?"

எதிர்பார்க்கவில்லை. இந்த ஒன்றுக்காக அவர் செய்த எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றுகூட அந்த நிமிடத்தில் தோன்றியது. உட்கார்ந்தேன். பழைய பாஸ்வேர்டு கேட்டது, அப்பா பெயரைத் தட்டினேன். புதியதைக் கேட்டது. அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் காத்திருந்தேன். அவர் விலகவில்லை; நேரமாகிறதே, பஸ் போய்விடும் என்று அன்பாகச் சொன்னார். பேருந்துக்கு உண்மையிலேயே நேரமாகியிருந்தது.

தட்டத் தொடங்கினேன். திரையில் எழுத்துகள் தெரியவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நட்சத்திரம் மட்டும் விழுந்தது. அணைந்திருந்த பக்கத்துக் கணினியின் கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் லேசாக அசைந்தன.